மனதுக்குள் மூன்று எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மும்பை சயானில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். விடுமுறைப் பயிற்சியில், நன்றாகக் கற்பிப்பதற்கு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரோசன்ஷைன் வகுத்த பத்துக் கொள்கைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கோ 52 பிள்ளைகள், 35 நிமிடப் பாடவேளை. எதில் தொடங்குவது? பிள்ளைகளைப் ‘பார்த்துக் கற்பவர்’, ‘கேட்டுக் கற்பவர்’ என்று பிரித்து அட்டவணை தரச் சொல்கிறது நிர்வாகம். அமெரிக்க ஆய்வெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா? கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயனுண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை என்று உளவியல் ஆய்வாளர் ஹரோல்ட் பாஷ்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவா என்கிறீர்கள். நம் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளிலேயே, பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து, அந்தந்தப் பகுதிப் பெண்களைக் கொண்டு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ‘பால்சகி’ திட்டம் அது. தேர்ச்சி உயர்ந்ததை அளந்து 2007-இல் வெளியிட்டவர்களில் இருவர்தாம் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும்.

இதெல்லாம் இருக்கட்டும். இரண்டு நாளாக உங்கள் கடைசி வரியிலேயே நிற்கிறேன். வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். திறப்பதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்?

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு நொடி. மந்தம் என்று கருதப்பட்ட பிள்ளைக்கு, கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கிடைத்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கே குறைத்து அளக்கிறோம். ரேஷன் கடையில் இப்படி அளந்தால் சும்மா இருப்போமா? மூன்று நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, பேசாத பிள்ளைகள் பேசினார்கள்.

நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு பாடவேளையில் இருபது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி கூட்டினால் நாற்பது நொடி. வகுப்பை அமைதிப்படுத்த நீங்கள் மேசையைத் தட்டுவதற்கே அதைவிட அதிகம் ஆகும்.

இன்னொரு மௌனமும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. பதில் வந்த பிறகு காக்கும் மௌனம். ரோ அதையும் அளந்தார்; அங்கும் ஆசிரியர்கள் ஒரு நொடிக்குள் பாய்ந்துவிட்டார்கள். நான் இதை ஆய்வில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தவன்.

தாராவியில் தமிழ்வழிப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. ஜூலை மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கால் பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா என்று டீச்சர் கேட்டார். எனக்கு முன்னால் இருந்த பெண் எழுந்து, “கால்” என்றாள். நான்கு மூன்றைவிடப் பெரியது அல்லவா? நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. விரலிடுக்கில் சாக்பீஸோடு அவளையே பார்த்தபடி நின்றார். சிரிப்பு அடங்கி மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் உட்காரவில்லை. பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: “எங்கள் வீட்டில் ஒரு பானை இட்லி மாவை மூன்று வீட்டுக்காரர்கள் பங்குபோடுவோம். நான்காவது வீடு சேர்ந்தால் எங்கள் பங்கு குறையும். இல்லை டீச்சர், மூன்றில் ஒன்றுதான் பெரியது.”

டீச்சர் ஒரு நொடி முந்தியிருந்தால் அந்தப் பானை வகுப்புக்குள் வந்திருக்காது. பின்னாளில் நானும் பல ஆண்டுகள் டியூஷன் எடுத்தேன். அந்த மௌனத்தை ஒரு பிள்ளைக்கும் நான் கொடுக்கவில்லை. தப்பான பதிலைக் கேட்டதும் திருத்திவிடுவதே நல்லாசிரியருக்கு அழகு என்று நம்பியிருந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, உங்களைத் திட்டுவதில் பாதி எனக்கே உரியது.

உங்கள் பத்துக் கொள்கைகளில், நிறையக் கேள்வி கேளுங்கள், எல்லாப் பிள்ளைகளின் பதிலையும் பாருங்கள் என்பதும் ஒன்று. அதில் தொடங்குங்கள். திங்கட்கிழமை கேள்வியைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணியபின் பெயரைச் சொல்லுங்கள். பதில் வந்ததும் ‘சரி’, ‘தப்பு’ எதுவும் சொல்லாமல் இன்னொரு முறை எண்ணுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அந்தப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே.