'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா? கேள்வி பதில்

'ரன்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது என் தப்புதான். பல வருடமாக மொழிபெயர்ப்பில் காலத்தை ஓட்டுகிறவன், ஒரு மூன்றெழுத்துச் சொல்லைச் சமாளிக்க மாட்டேனா என்ற நினைப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்தச் சொல்லுக்கு 645 அர்த்தம் என்று எங்கோ படித்தேன். நிஜமா, அடித்துவிடுகிறார்களா?

நிஜம்தான், அதுவும் வினைச்சொல்லாக வரும்போது மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி 645 பொருள்களைப் பிரித்தார். 2011இல் அது செய்தியானது. அதற்கு முன்னால் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு, சுமார் 430 பொருள். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அகராதிக்காரர்கள் ஆறு ஓடுவதை ஒன்று, மூக்கு ஒழுகுவதை ஒன்று, துணியில் சாயம் போவதை ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள், அது அவர்கள் வேலை. நமக்கு ஐந்தாறு கருத்து பிடிபட்டால் போதும்: காலால் ஓடுவது, திரவம் ஓடுவது, இயந்திரம் ஓடுவது, ஒருவர் ஒன்றை நடத்துவது, ஒன்று நீண்டுகொண்டே போவது.

கேள்வி: அப்புறம் எதற்கு இத்தனை கஷ்டம்? எல்லா இடத்திலும் 'ஓடு' என்று போட்டால் என்ன? தமிழிலும் வண்டி ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறதே?

நல்ல கேள்வி. நம் 'ஓடு' லேசுப்பட்டது இல்லை, பாதி தூரம் ஆங்கிலத்தோடு கூடவே வரும். மோட்டார் ஓடும், காலம் ஓடும், மனதில் ஏதோ ஓடும், சுவரில் விரிசல் ஓடும், கையில் நரம்பு ஓடும். ஆனால் சாலை ஓடாது, போகும். மூக்கு ஓடாது, ஒழுகும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவக் கையேட்டில் 'ரன்னிங் எ ஃபீவர்' என்று இருந்ததை 'நோயாளிக்குக் காய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டேன். திருத்தியவர் ஓரத்தில் 'எங்கே ஓடுகிறது?' என்று மட்டும் எழுதி அனுப்பினார். காய்ச்சல் அடிக்கிறது, காய்கிறது, அவ்வளவுதான்.

நிஜமாகவே இடறுகிற இடம் வேறு. தமிழில் தானாக நடந்தால் ஓடு, ஒருவர் செய்யவைத்தால் ஓட்டு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்'. 'ஷி ரன்ஸ்' என்றால் அவள் ஓடுகிறாள். 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் அவள் ஒரு பள்ளியை நடத்துகிறாள். பின்னால் ஒரு பெயர்ச்சொல் ஒட்டியதும் வினை கைமாறிவிடுகிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் மொழிபெயர்ப்பு கவிழ்ந்துவிடும். இன்னொன்றையும் பாருங்கள், நாம் ஒரு நிறுவனத்தை நடக்கவைக்கிறோம், அவர்கள் ஓடவைக்கிறார்கள். அவர்களுக்கு என்ன அவசரமோ.

கேள்வி: தேர்தலில் 'ரன்' பண்ணுவதும் 'ஸ்டாண்ட்' பண்ணுவதும் ஒன்றா?

ஒன்றுதான், ஊர்தான் வேறு. அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் ஓடுவார், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிற்பார். நாமும் நிற்கிறவர்கள்தான். அதே போல நீளக் காலுறையில் இழை விட்டுக் கோடு விழுந்தால் அமெரிக்கர் அதற்கு 'ரன்' என்பார், பிரிட்டிஷார் 'லேடர்' என்பார், அதாவது ஏணி.

கேள்வி: மகளுக்கு 'ரன்' என்ற சொல்லுக்குப் பத்து சினானிம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவசரம் சார்.

பத்து என்ன, முப்பதுகூடத் தரலாம், ஆனால் எந்த 'ரன்' என்று டீச்சர் சொன்னார்களா? காலால் ஓடுவது என்றால் ஸ்பிரின்ட், ஜாக், டேஷ், போல்ட், ஸ்கர்ரி. இவையும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில் கடந்தால் ஸ்பிரின்ட், உடம்புக்காக நிதானமாக ஓடினால் ஜாக், சட்டென்று ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் டேஷ், குதிரை மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடினால் போல்ட், எலி குட்டிக் குட்டி அடி வைத்துக் குடுகுடுவென்று ஓடினால் ஸ்கர்ரி. நிறுவனம் என்றால் மேனேஜ், ஆபரேட், டைரக்ட். தண்ணீர் என்றால் ஃப்ளோ, ஸ்ட்ரீம், போர். மூன்று பட்டியலுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை பாருங்கள். 'ஒத்த சொல்' என்பது ஒரு சொல்லுக்கு ஒத்தது இல்லை, அந்தச் சொல்லின் ஏதோ ஒரு பொருளுக்கு ஒத்தது. பட்டியலைப் பார்த்து 'தி ரிவர் ஜாக்ஸ்' என்று எழுதிவிட்டால் ஆறு உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்துவிடும்.

ரோஜெட் என்பவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ், அதாவது ஆங்கில ஒத்த சொல் தொகுப்பு, அகர வரிசையில் இல்லாமல் கருத்து வாரியாக இருந்ததற்கும் காரணம் இதுதான். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வாரியாகத் தொகுத்துவிட்டு, ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்குத் தனியே ஒரு தொகுதியும் வைத்திருக்கிறது.

கேள்வி: படிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏதாவது சூத்திரம் உண்டா?

உண்டு, தொல்காப்பியத்திலேயே உண்டு. பல பொருள் தரும் ஒரு சொல்லை 'வினையினும் இனத்தினும் சார்பினும்' தெரிந்துகொள்ளலாம் என்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. நமக்குச் சிக்கல் பண்ணுவது வினைச்சொல் என்பதால் தலைகீழாகப் பாருங்கள்: யார் ஓடுகிறார், எதை ஓட்டுகிறார், பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது. எழுவாய் குழாய் என்றால் தண்ணீர் வருகிறது, செயப்படுபொருள் புரோகிராம் என்றால் இயக்குகிறார், பின்னால் 'இன் தி ஃபேமிலி' என்று இருந்தால் அந்தக் குணம் பரம்பரையாக வருகிறது. அகராதியைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

கேள்வி: ரன் இன்டூ, ரன் ஓவர், ரன் அவுட் எல்லாம் எனக்குக் குழம்புகிறது.

எல்லாருக்கும் குழம்பும். 'ரன் இன்டூ' பக்கத்தில் நண்பர் இருந்தால் தற்செயலாகப் பார்த்தேன், சுவர் இருந்தால் மோதினேன், பிரச்சினை இருந்தால் சிக்கினேன், பெரிய தொகை இருந்தால் செலவு அவ்வளவுக்குப் போகும். 'ரன் ஓவர்' இன்னும் மோசம். வண்டி ஒருவர் மேல் ஏறியதும் அதுதான், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டியதும் அதுதான், பாத்திரம் நிரம்பி வழிந்ததும் அதுதான், குறிப்புகளை ஒருதரம் மேலோட்டமாகப் பார்ப்பதும் அதுதான். 'ரன் அவுட்' மட்டும் கொஞ்சம் சாது, தீர்ந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் பொருள். ஆனால் 'டைம் ரேன் அவுட்' என்றால் நேரம் எழுவாய், 'வீ ரேன் அவுட் ஆஃப் டைம்' என்றால் நாம் எழுவாய். தமிழில் இரண்டுக்குமே 'நேரம் தீர்ந்துவிட்டது' போதும். 'நாங்கள் நேரத்தை விட்டு வெளியே ஓடினோம்' என்று ஒரு மென்பொருள் மொழிபெயர்த்துத் தந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிரிக்கெட்டில் நின்ற இடத்தில் நின்று சிக்ஸர் அடித்தாலும் ஆறு 'ரன்' என்கிறார்களே, யார் ஓடியது?

யாரும் ஓடவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி முடிப்பதற்கு வந்த பெயர், பிறகு கணக்கின் அலகாகவே நிலைத்துவிட்டது. ஓடாமலே கிடைத்தாலும் அலகின் பெயர் மாறுவதில்லை.

கேள்வி: 'ஐ ஹேட் ரேன்' என்று எழுதினால் தப்பா?

தப்பு. 'ஐ ரேன்' சரி, 'ஐ ஹேட் ரன்' சரி. கம், கேம், கம் என்று வருவது போலத்தான், மூன்றாவது வடிவம் திரும்ப முதலுக்கே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் மேனேஜர் எதற்கெடுத்தாலும் 'ரன் இட் பை மீ' என்கிறார். நான் எதை ஓட்டிக் காட்டுவது?

எதையும் ஓட்ட வேண்டாம். செய்வதற்கு முன்னால் என் காதில் ஒரு வார்த்தை போடு என்கிறார். 'ரன் இட் பாஸ்ட் மீ' என்றாலும் அதேதான். 'ரன் வித் இட்' என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், சரி, நீங்களே எடுத்துச் செய்யுங்கள் என்று அர்த்தம். 'ரன் அலாங்' என்றால் பேச்சு முடிந்தது, இடத்தைக் காலி பண்ணு என்று குழந்தைகளிடம் சொல்வது. அதை அவர் உங்களிடம் சொல்ல ஆரம்பித்தால் வேறு வேலை தேடுங்கள்.