ஊரிலிருந்து வருபவர்களைக் கடைக்கு எங்கே அழைத்துப் போவது?

கேள்வி: நான் மரின் பரேட்டில் வசிக்கும் நிரந்தரவாசி. அடுத்த மாதம் மாமாவும் அத்தையும் (கணவரின் பெற்றோர்) திருச்சியிலிருந்து முதல் முறையாகச் சிங்கப்பூர் வருகிறார்கள். ஐந்து நாள்தான் தங்குவார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்கரை இருப்பதால் பொழுதுபோக்குக்குக் குறையில்லை, கடைக்குப் போவதுதான் குழப்பமாக இருக்கிறது. சொந்தபந்தங்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பொருள்கள், சென்ட், ஒரு நல்ல கைப்பேசி, கொழுந்தனார் மகளுக்கு ஒரு தங்கச் சங்கிலி எல்லாம் வாங்க நினைக்கிறார்கள். எங்கே போனால் நல்லது? என் கடன் அட்டையில் வாங்கிக் கொடுத்தால் வரியைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கடை என்பதே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. கடையில் போட்டிருக்கும் விலையிலேயே அது அடக்கம். 109 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பொருள் வாங்கினால் அதில் 9 வெள்ளி வரி. சுற்றுப்பயணிகள் அந்த வரியை ஒரு சிறு கட்டணம் போக விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அதனால் உங்கள் பெயரில் வாங்கினால் ஒரு காசும் திரும்பி வராது. மாமாவும் அத்தையும் கடைக்கு நேரில் வந்து, பணம் கட்டும்போது தங்கள் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். நகலோ கைப்பேசியில் எடுத்த படமோ செல்லாது. "நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள், நான் வாங்கி வந்துவிடுகிறேன்" என்று பாசத்தோடு சொல்லிவிடாதீர்கள். பணத்தையும் அவர்களே ரொக்கமாகவோ தங்கள் அட்டையிலோ கட்டுவது நல்லது. நீங்கள் கொடுக்க விரும்பினால் முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு விதி, இதுதான் முக்கியம். வரியைத் திரும்பப் பெறக் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். இங்கே 30 வெள்ளி, அங்கே 40 வெள்ளி என்று ஊரெல்லாம் சுற்றி வாங்கினால் எதுவுமே வரம்பைத் தொடாது. ஆகவே சின்னச் சின்னப் பொருள்களையெல்லாம் ஒரு நாளில், ஒரு பெரிய கடையில் முடித்துவிடுவதுதான் லாபம். எல்லாக் கடைகளும் இந்தத் திட்டத்தில் இல்லை என்பதால் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய கடை எது என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1971இல் சின்னத் துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபாதான். ஆர்ச்சர்ட் சாலையின் கடைத்தொகுதிகளைக் கண்ணால் பார்த்து ரசிக்கலாம். ஆனால் திருச்சியில் இருபது வீட்டுக்குப் பங்கு பிரிக்கும் பெட்டியை அங்கே நிரப்ப முடியாது. உங்கள் வீட்டருகே மரின் பரேட் நிலையத்தில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயிலில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் வடகிழக்குப் பாதைக்கு மாறினால் ஃபேரர் பார்க் வந்துவிடும். அங்கிருந்து முஸ்தபா இருக்கும் சையது ஆல்வி சாலை கொஞ்ச தூர நடைதான்.

வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு மாலை வேண்டாம். வாரம் முழுக்க உழைக்கும் நம் ஊழியர்கள் வெளியே வருகிற ஒரே பொழுது அது. தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரம் முழுக்க நிரம்பி வழியும், வயதானவர்களுக்கு நடக்கவே இடம் இருக்காது.

முஸ்தபாவில் முதலில் கோடாலித் தைலம். சிங்கப்பூர்க்காரர் வீட்டுக்கு வந்து திரும்பியவர் அதைக் கொண்டுவரவில்லை என்றால் ஊரில் மனத்தாங்கலே வந்துவிடும். 1928இல் தொடங்கிய சிங்கப்பூர் நிறுவனத்தின் தயாரிப்பு அது, உண்மையிலேயே இந்த ஊர்ப் பொருள். உள்ளங்கைக்குள் அடங்கும் 3 மில்லி குப்பியிலிருந்து 56 மில்லி வரை பல அளவு உண்டு. பக்கத்து வீடு, கோயில் தோழி, பால்காரர் என்று கொடுக்க 5 அல்லது 10 மில்லி குப்பிகளைப் பெட்டியாக வாங்குங்கள். பெரியதை நெருங்கிய உறவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எடையும் மிச்சம். அப்புறம் சென்ட், முகப்பவுடர், நகவெட்டி, டார்ச் விளக்கு, பிளாஸ்க். மளிகைக்கு இரண்டாவது மாடி. பாதாம், பிஸ்தா, மைலோ, டின் பிஸ்கட் எல்லாம் அங்கே கிடைக்கும். சாக்லேட்டைக் கடைசியாக எடுங்கள். திருச்சி வெயிலில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் உருகிப்போகும் ரகங்களைத் தவிர்த்து, உள்ளே பிஸ்கட்டோ பருப்போ இருப்பதாகப் பாருங்கள்.

கடைக்குள் பையோடு நுழைந்தால் வாசலில் ஊழியர் ஒருவர் பையின் ஜிப்பைப் பிளாஸ்டிக் பட்டையால் இழுத்துப் பூட்டிவிடுவார். எல்லாருக்கும் அப்படித்தான். அத்தை மனம் வருந்தாமல் இருக்க முன்பே சொல்லி வையுங்கள். பாஸ்போர்ட், பணப்பை, மாத்திரை, தண்ணீர் பாட்டில் நான்கையும் பைக்குள் வைத்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது, கையோடு வைத்திருக்கட்டும். பணம் மாற்றும் கடைகள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நிறைய உண்டு. இரண்டு மூன்று இடங்களில் விகிதம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் மேல்மாடித் துணிக்கடைகளையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். கொஞ்சம் பேரம் பேச இடம் உண்டு. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், சின்னக் கடைகள் பலவற்றில் திரும்பப் பெற வரியே இருக்காது. அங்கே விலை பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். பட்டுப்புடவை மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம், அது அவர்கள் ஊரிலிருந்து இங்கே வருகிற சரக்கு.

சரி, சங்கிலி. இதில் என் கருத்து உறுதியானது: திருச்சியிலேயே வாங்கட்டும். சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் 916 தங்கத்தின் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் திருச்சி விமான நிலையத்தில்தான். இந்தியச் சுங்க விதிப்படி, பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்ற நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு உரியது. ஐந்து நாள் வந்துபோகிற மாமாவுக்கும் அத்தைக்கும் அது பொருந்தாது. கழுத்தில் போட்டுக்கொண்டு போனால் கேட்கமாட்டார்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். புது நகையை மறைத்துக் கொண்டுபோய், வயதான காலத்தில் அவர்கள் சுங்க அதிகாரி முன் கைகட்டி நிற்க வேண்டாம். அந்த அவமானத்துக்கு எந்தச் சேமிப்பும் ஈடாகாது. விலை வித்தியாசமும் முன்போல் இல்லை. 2024 ஜூலையில் இந்தியா தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைத்தபோதே இடைவெளி சுருங்கிவிட்டது. நீங்கள் பணமாகக் கொடுங்கள், பெண்ணையே கூட்டிக்கொண்டு என்.எஸ்.பி. சாலைக்குப் போய் அவளுக்குப் பிடித்த டிசைனில் எடுக்கட்டும்.

கைப்பேசிக்கு விலை நிலையாக ஒட்டியிருக்கும் பெரிய மின்சாதனக் கடைகளுக்குப் போங்கள். கோர்ட்ஸ், சேலஞ்சர், ஹார்வி நார்மன் மாதிரி. சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் கணினி உதிரிபாகம் தெரிந்தவர்களுக்கு நல்ல கடைகள் உண்டு. ஆனால் 2014இல் அங்கே ஒரு வெளிநாட்டுப் பயணி கைப்பேசிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு மண்டியிட்ட காணொளி ஊரையே உலுக்கியது. முதல் முறை வருகிறவர்களை அங்கே பேரம் பேச வைக்க வேண்டாம் என்பேன். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா. இரண்டு, இங்கே கொடுக்கும் சார்ஜருக்குப் பட்டையான மூன்று முனை இருக்கும், அதற்கு அடாப்டர் வேண்டும். விலை உயர்ந்த கைப்பேசி என்றால் இந்தியச் சுங்கத்தின் வரியில்லா வரம்பை அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். அந்த வரம்பு தலைக்கு ஒன்று. கணவன் மனைவி இருவருடையதையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது.

உங்கள் பக்கத்துக் கடற்கரையில் கடைகள் அதிகம் இல்லை. காத்தோங்கில் மட்டும் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாமும் பெரனாக்கான் (சீன, மலாய் மரபு கலந்த) பலகாரங்களும் ருசி பார்க்க வாங்கலாம். பலகாரத்தை இங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், தேங்காய் சேர்ந்தது பயணம் தாங்காது.

கிளம்பும் நாளில் கவனம் தேவை. தைலம், சென்ட் எல்லாம் திரவம். 100 மில்லியைத் தாண்டிய குப்பி கைப்பையில் போகாது, பெட்டியில்தான் போக வேண்டும். பெட்டியில் போகிற பொருளுக்கு வரி கேட்பதானால், சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே, புறப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் வரி திரும்பப்பெறும் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பொருளைக் காட்டச் சொல்லி இயந்திரம் சுங்க முகப்புக்கு அனுப்பலாம். அதனால் வரிக்குரிய பொருள்களையெல்லாம் ஒரே பெட்டியில், மேலாக அடுக்குங்கள். கைப்பேசியைக் கைப்பையில் எடுத்துச்செல்வதால் அதற்குக் குடிநுழைவு தாண்டிய பிறகும் இயந்திரம் உண்டு. நீங்கள் உள்ளே போக முடியாது என்பதால் இரண்டையும் வெளியிலேயே, உங்கள் கண்முன் முடித்துவிடுவது அவர்களுக்கு எளிது. இதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ரசீதுகளைப் பெட்டியில் போட்டு மூடிவிடாமல் மாமாவின் சட்டைப் பையில் கொடுத்துவிடுங்கள், திருச்சியில் இறங்கிய பின் சுங்கத்தில் கேட்டாலும் அவைதான் கைகொடுக்கும்.