கீர்த்தனை வரும்போது குளிக்கப் போங்கள்

கேள்வி: காலையில் ஆகாஷவாணியைத் திறந்தால் மங்கள இசை, பிறகு செய்தி, பிறகு நெற்பயிருக்கு மருந்து, பிறகு யாரோ ஒருவர் பேச்சு, பிறகு கச்சேரி. நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள உட்காருகிறவன் எதற்காகக் கீர்த்தனை கேட்க வேண்டும்? செய்தியைத் தனியாக, கலையைத் தனியாக வைத்துத் தொலைத்தால் என்ன? ஒரே அவியல்!
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்வி கும்பகோணத்திலிருந்து வந்திருப்பதுதான் வேடிக்கை. உங்கள் ஊரில் மாயவரம் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆடுதுறை. அங்கே உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்று குறுவைக்கு ஏற்ற ஒரு குறுகிய கால ரகத்தைக் கொண்டுவந்தது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரவியது. விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே ரேடியோ நெல். (அது காலை நிகழ்ச்சியா என்று மடக்காதீர்கள். பெட்டி ஒன்றுதானே.) நெல்லுக்கென்றே ரேடியோவைத் திருகியவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பாட்டுக்குத் திறந்த பெட்டியில் நெல்லும் வந்தது, செய்திக்குத் திறந்த பெட்டியில் நாதஸ்வரமும் வந்தது. நீங்கள் அவியல் என்று திட்டுவது இதைத்தான். திட்டுவதற்கு அவியலை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை, அது நல்ல பதார்த்தம்.

இன்னொன்று. நீங்கள் ரேடியோவைத் திறந்ததும் வயலினும் தம்பூராவுமாக ஒரு மெட்டு வருமே, சிவரஞ்சனி சாயலில், அதற்கு மெட்டமைத்தவராக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன். செக் நாட்டிலிருந்து வந்த யூதர். ஐரோப்பாவில் ஹிட்லர் தலையெடுத்த காலத்தில், 1934-ல், பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர், அங்கே வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அவர் இங்கே வந்ததே நீங்கள் சொல்லும் நாட்டு நடப்பால்தான். அதைத் தனியாகவும் மெட்டைத் தனியாகவும் எப்படிப் பிரிப்பீர்கள், சொல்லுங்கள்.

பிரித்து வைக்கிற யோசனையும் புதிதில்லை. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மட்டமான சரக்கு, வானொலியில் சாஸ்திரிய சங்கீதமே ஓங்க வேண்டும் என்று முடிவு கட்டி, சினிமாப் பாட்டை ஏறக்குறைய ஒழித்தே விட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? மறுபேச்சு பேசாமல் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். டெல்லி இறங்கிவந்து 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டும் போடுகிற விவித் பாரதியைத் தொடங்குவதற்குள், காலையில் இலங்கை வானொலி கேட்பது இங்கே பாதி வீடுகளில் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது. சங்கீதம் தெரிந்தவர்கள்கூட, ராக ஆலாபனைக்கு நடுவில் பாட்டுக் கேட்க இலங்கைக்குப் போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தார்கள்.

அதே அக்டோபரில்தான் லண்டனில் பிபிசியும் 'டுடே' என்ற காலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அது சுவையான துணுக்குகளின் கதம்பமாகத்தான் இருந்தது. மந்திரிகளை உட்கார வைத்து வறுத்தெடுப்பது எல்லாம் பிற்பாடு வந்தது. 2017-ல் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையிலிருந்து ஆசிரியராக வந்த சாரா சாண்ட்ஸ் அதில் கலை, ஃபேஷன், தினம் ஒரு புதிர் என்று சேர்த்ததும், அரசியல் நீர்த்துப்போச்சு என்று உங்களை மாதிரியே அங்கேயும் புலம்பினார்கள். ஆக, இந்த விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை, அந்தத் திருப்தி உங்களுக்கு இருக்கட்டும்.

சரி, தனித்தனியாகத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அதற்கும் இங்கே வழி இருக்கிறது. தனியார் எஃப்.எம். கேளுங்கள். 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் தொடங்கியதிலிருந்தே அவர்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. 2011-ல் வந்த கொள்கை பெரிய மனசு பண்ணி, ஆகாஷவாணியின் செய்தியை ஒரு வரி மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றது. போக்குவரத்து, வானிலை, பரீட்சை முடிவு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு இவையெல்லாம் செய்தி இல்லை என்று கணக்கு, அதனால் தாராளமாகச் சொல்லலாம். நாளைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் வராது என்று அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஏன் வராது என்று ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டால் அது செய்தி ஆகிவிடும். வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் வரை செய்தி வாசிக்க விடுங்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் பரிந்துரையும் செய்தது. நீங்கள் கேட்கும் சுத்தபத்தமான பிரிவினை இதுதான்: செய்தி முழுக்க அரசாங்கத்திடம், பாட்டும் சிரிப்பும் மற்றவர்களிடம். பிடித்திருக்கிறதா?

இவ்வளவு சொன்னதால் ஆகாஷவாணிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் குறை உங்கள் குறைக்கு நேர் எதிர். அங்கே எதுவுமே கலக்கவில்லை ஐயா! ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் நீர்மட்டம் இவ்வளவு, 12-ம் தேதி அணை திறப்பது சந்தேகம் என்று செய்தியில் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த குரல் வந்து, குறுவை நாற்றங்கால் தயாரிப்பது எப்படி என்று ஆரம்பித்தால் கேட்கிறவன் என்ன செய்வான்? தண்ணீரே சந்தேகம் என்று இப்போதுதானே சொன்னீர்கள்? இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் கேட்பதே இல்லையோ என்று தோன்றும். நீளம் குறைக்க வேண்டுமென்றால் நான் கை வைப்பது கீர்த்தனையில் இல்லை. யார் எங்கே அடிக்கல் நாட்டினார், யார் யாரைச் சந்தித்துப் பேசினார் என்கிற அந்த நாலு வரியில்தான்.

கலக்கத் தெரிந்தவர் ஒருத்தர் இருந்தார். தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சி செய்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். அவருடைய 'இன்று ஒரு தகவல்' சில நிமிடம்தான். அதற்குள் ஒரு விஞ்ஞான விஷயம், ஒரு முல்லா கதை, யாரோ ஒரு தத்துவ ஞானி எல்லாம் வந்து போவார்கள். கடைசியில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு, அதையும் சிரிக்காமல் சொல்வார். இது நடப்பா, கலையா, விவசாயமா என்று எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? நெல்லைப் பற்றி விவசாயிக்குப் புரிகிற மாதிரி பேசிப் பழகிய வாய் என்பதால்தான் எதைப் பற்றியும் அந்தக் குரலில் பேச வந்தது என்பது என் அபிப்பிராயம். 2009-ல் அவர் போன பிறகு அந்த இடத்துக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். பெரும்பாலும் கட்டுரையை எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், தாள் புரளும் சத்தம் கேட்கிறது.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்று. என் அப்பாவுக்குக் கடிகாரம் கட்டும் வழக்கம் இல்லை, ரேடியோதான் கடிகாரம். 6.55-க்கு சமஸ்கிருதச் செய்தி. வீட்டில் ஒருத்தருக்கும் புரியாது, ஆனால் 'ஸம்ப்ரதி வார்த்தா:' என்று கேட்டதும் அம்மா உலை வைப்பாள். 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, 'வாசிப்பது சரோஜ் நாராயணசாமி' என்று அந்தக் கணீர்க் குரல் வரும்போது அப்பா முகத்தில் சோப்பு நுரை இருக்கும். முக்கியச் செய்தி ஏதாவது என்றால் பிளேடு தாடையிலேயே நின்றுவிடும். இந்திரா காந்தி சுடப்பட்டதற்கு மறுநாள் காலை அப்படியே நின்று, நுரை காய்ந்து, பாதி தாடியோடு ஆபீஸ் போனார். நடப்பு எவ்வளவு பெரிது என்பதை அந்தக் காய்ந்த நுரையில்தான் நான் முதலில் பார்த்தேன். அன்றைக்குப் பாட்டும் இல்லை, கச்சேரியும் இல்லை, நாள் முழுக்கச் சோக இசைதான். வழக்கமான கீர்த்தனை வராதபோதுதான் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று எங்கள் பாட்டிக்கே உறைத்தது, அவளுக்குச் செய்தி வாசிப்பவர் சொன்ன எதுவும் காதில் சரியாக விழவில்லை.

மற்ற நாட்களில் கச்சேரி ஆரம்பித்தால் அது அப்பா குளிக்கும் நேரம் என்று அர்த்தம். சங்கீதத்தில் அவருக்கும் உங்களைப் போலத்தான், ஈடுபாடு கிடையாது. பாத்ரூம் கதவு வழியாகக் காதில் விழுந்ததோடு சரி. ஆனால் அப்புறம் நாள் முழுக்க, என்ன ராகம் என்றே தெரியாமல், அதைத்தான் முனகிக்கொண்டிருப்பார்.