பட்டன் அமுக்குனா டிக் டிக், பெங்கெல்ல நானூறு வெள்ளி பில்லு: பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கடுதாசில முக்கால்வாசி மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாத கதைதான். மழைக்காலம் வந்தா பினாங்குல இது வழக்கம். நீளமா எழுதுனவங்க கடுதாசிய சுருக்கிட்டேன், பேரெல்லாம் எடுத்துட்டேன்.

கேள்வி (பிறை): எட்டு வருஷ ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கற பாகம்) மாடல். காலைல பட்டன் அமுக்குனா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. கிக் அடிச்சா உடனே கிளம்பிடுது. பெங்கெல்ல (மோட்டார் பழுதுபாக்கற கடைல) பேட்டரி, ரிலே (ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்), ஸ்டார்ட்டர் மோட்டார் மூணையும் மாத்தணும், 380 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்னு சொல்றாங்க. மாத்தலாமா அண்ணே?

பதில்: இப்ப மாத்தாதீங்க. மூணையும் ஒரே மூச்சுல மாத்த சொல்றவரு எதையும் அளந்து பாத்திருக்க மாட்டாரு. கிக்ல கிளம்புதுன்னா ஸ்பார்க் பிளக், பெட்ரோல், கம்ப்ரஷன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கோளாறு பேட்டரில இருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் வரைக்கும் போற அந்த ஒரு வழியிலதான் எங்கயோ இருக்கு.

மொதல்ல பேட்டரி முனை ரெண்டையும் கையால அசைச்சு பாருங்க. லூசா இருந்தாலோ வெள்ளையா பச்சையா பூத்திருந்தாலோ கழட்டி சுரண்டி சுத்தம் பண்ணி இறுக்குங்க (கழட்டும்போது மைனஸ் மொதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில). டிக் டிக் கேஸ்ல நெறைய இங்கயே முடிஞ்சிடும், செலவு ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறமும் டிக் டிக்தான்னா ஹார்ட்வேர் கடைல ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கோங்க. ராத்திரி முழுக்க வண்டி நின்ன பிறகு காலைல பேட்டரிய அளங்க, 12.6 வோல்ட் பக்கத்துல இருந்தா நல்லா இருக்கு, 12க்கு கீழ போயிருந்தா சார்ஜ் இல்ல. அப்புறம் மீட்டர பேட்டரிலயே வச்சுக்கிட்டு பட்டன் அமுக்குங்க, வோல்ட் சடார்னு 10க்கு கீழ விழுந்தா சார்ஜ் ஏத்திட்டு இன்னொரு தடவ பாருங்க, அப்பவும் விழுந்தா பேட்டரி செத்துருச்சு, அத மட்டும் மாத்துங்க. வோல்ட் 12லயே நிக்குது, மோட்டார் சுத்தவே இல்லன்னா பேட்டரி மேல பழி போடாதீங்க. ரிலேல தடியா ரெண்டு முனை இருக்கும், மீட்டர் கம்பிய அது ரெண்டுலயும் வச்சு பட்டன் அமுக்குங்க. மீட்டர் ஏறக்குறைய சைபர் காட்டணும். டிக்னு சத்தம் வந்தும் 12 அப்படியே நின்னா ரிலே உள்ள கரிஞ்சு போச்சு. ரிலே சைபர் காட்டுது, இன்னமும் சுத்தலன்னா ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ள இருக்குற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கலாம். எட்டு வருஷ வண்டிக்கு அது சகஜம், பிரஷ் செட் தனியாவே கிடைக்குது, முழு மோட்டாரையும் வாங்க வேணாம்.

மூணு பொருளும் ஒரே காலைல சாகாதுங்க. எது செத்துச்சுன்னு தெரிஞ்ச பிறகு காசு எடுங்க.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஒரு வருஷத்துல மூணாவது பேட்டரி. எல்லாம் ஆன்லைன்ல வாங்குனது, மலிவு. ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் செத்துடும். எந்த பிராண்ட் வாங்கறது?

பதில்: பிராண்ட் கேள்விய அப்புறம் பாப்போம். மூணு பேட்டரி வரிசையா சாகுதுன்னா வண்டி சார்ஜ் பண்ணுதான்னு யாரும் பாக்கலயா? இஞ்சின ஓட விட்டு, ஆக்சிலேட்டர கொஞ்சம் முறுக்கி பிடிச்சுக்கிட்டு பேட்டரில வோல்ட் அளங்க. 13.5ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும். 12லயே நின்னா ரெக்டிஃபையரோ (சார்ஜ் கரண்ட்ட சீராக்கற பெட்டி) ஸ்டேட்டர் காயிலோ (இஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கற சுருள்) வயரோ கோளாறு, நீங்க எத்தன பேட்டரி வாங்கி போட்டாலும் காலியாத்தான் ஆகும். 15ஐ தாண்டுதுன்னா ரெக்டிஃபையர் வோல்ட்ட கட்டுப்படுத்தல, பேட்டரிய வேக வச்சு கொன்னுடும்.

மலிவு பேட்டரி விஷயத்துக்கு வரேன். நானும் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கியிருக்கேன், படத்துல புத்தம் புதுசு, வந்தத அளந்தா 11 வோல்ட் கூட இல்ல, மேல ஒட்டியிருந்த தேதி ஸ்டிக்கர சுரண்டுனா கீழ இன்னொரு தேதி. விக்கிறவன் "சார்ஜ் போட்டு பாருங்க"ன்னு ஒரே வரிய திருப்பி திருப்பி அனுப்பிட்டு, ரிட்டர்ன் நாள் முடிஞ்சதும் பதிலே போடல. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கல. பேட்டரி அலமாரில சும்மா கெடந்தாலே உயிர் போயிட்டு இருக்கும், அதனால பேட்டரிய மட்டும் கடைல நேர்ல போய், கண்ணு முன்னாடி வோல்ட் அளக்க சொல்லி, வாரண்டி அட்டைல தேதி எழுதி சாப் (முத்திரை) அடிச்சு வாங்குங்க. ஆன்லைன்லதான் வாங்குவேன்னா பெட்டிய பிரிக்கறதுல இருந்து அளக்கற வரைக்கும் வீடியோ எடுங்க.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): பெரிய பைக். நேத்து வாஷ் பண்ண விட்டேன், இன்னைக்கு பட்டன் அமுக்குனா ஒண்ணுமே இல்ல. லைட்டெல்லாம் எரியுது. டோ பண்ணணுமா?

பதில்: வலது கைப்பிடில இஞ்சின அணைக்கற சிவப்பு சுவிட்ச் ஆஃப்ல இருக்கா பாருங்க. சைட் ஸ்டாண்ட மடக்குங்க, அது இறங்கியிருந்தாலும் சில வண்டி கிளம்பாது.

கேள்வி (பட்டர்வொர்த்): ஃபேஸ்புக்ல பாத்து பழைய யமாஹா ஒய்15 மோட்டார் ஒண்ணு வாங்குனேன், 4,200 வெள்ளி கேஷ். ராத்திரி எண்ணெய் ஸ்டேஷன்ல வச்சு கைமாத்துனோம். இஞ்சின் சூடா இருந்துச்சு, உடனே ஸ்டார்ட் ஆச்சு. மறுநாள் காலைல ஸ்டார்ட் ஆகல. ஆளு நம்பர பிளாக் பண்ணிட்டான். கிரான் (வண்டி பதிவு பத்திரம்) இன்னும் அவன் பேர்லதான் இருக்கு. ரசீது இல்ல. பயனீட்டாளர் டிரிபியூனல் (தீர்ப்பாயம்) போகலாமா?

பதில்: ராத்திரி, கேஷ், ரசீது இல்ல, பேர் மாத்தல. இத நான் இந்த பகுதில எத்தனையோ தடவ எழுதிட்டேன், இன்னமும் கடுதாசி வந்துட்டே இருக்கு. இஞ்சின் சூடா இருந்துச்சுன்னு நீங்களே எழுதுறீங்க. ஸ்டார்ட்டிங் கோளாறு இருக்குற வண்டிய விக்கிறவன் நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வச்சிருப்பான். பழைய வண்டி பாக்க போனா இஞ்சின் மேல கைய வச்சு பாருங்க, சூடா இருந்தா "நாளைக்கு காலைல வரேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டு கிளம்புங்க.

பயனீட்டாளர் டிரிபியூனல் வியாபாரிங்க மேல புகார் குடுக்குற இடம். சொந்த வண்டிய ஒரு தடவ வித்த தனி ஆளு மேல அங்க போக முடியாது. அவன் தொழிலாவே பழைய வண்டி வித்துட்டு இருந்தா கதை வேற, அவன் போட்ட மத்த விளம்பரத்த எல்லாம் இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. தனி ஆளுன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல சின்ன கோரிக்கை வழக்கு போடலாம், 5,000 வெள்ளி வரைக்கும், உங்க தொகை அதுக்குள்ளதான் வருது. ஆனா மொதல்ல போலீஸ் ரிப்போர்ட் செஞ்சுட்டு ஜேபிஜேல (சாலை போக்குவரத்து இலாகா) போய் அந்த வண்டிக்கு உண்மையான ஓனர் யாரு, கடன் பாக்கி இருக்கான்னு கேளுங்க. ஸ்டார்ட் ஆகாதது அதுக்கப்புறம் பாக்க வேண்டிய பிரச்சன.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): அப்பாவுக்கு 71 வயசு. ஆப்பரேஷன் முடிஞ்சு நாலு மாசம் அவரோட கப்சாய் (சின்ன மோட்டார்) வாசல்லயே நின்னுச்சு. ஸ்டார்ட் ஆகலன்னு பெங்கெல்ல விட்டாரு. "பாக்கறேன்"னு மட்டும் சொன்னாங்களாம். திரும்பி போனப்ப 640 வெள்ளி பில்லு, கார்புரேட்டர், காயில், பேட்டரி, பிளக், லேபர். காசு கட்டாம வண்டி தர மாட்டேன்னு சொல்லி, பக்கத்து வீட்ல கடன் வாங்கி கட்டியிருக்காரு. பழைய பொருள கேட்டா தூக்கி போட்டாச்சாம். அவர திட்டிட்டேன், இப்ப எனக்கே கஷ்டமா இருக்கு.

பதில்: உங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவரு ஒரு தொழில்காரர நம்புனாரு, நம்ப வேண்டிய இடத்துல நம்புனாரு. அவர்கிட்ட இத சொல்லிடுங்க.

நாலு மாசம் நின்ன கார்புரேட்டர் வண்டி கிளம்பலன்னா பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல். கார்புரேட்டர் கிண்ணத்துல தேங்குன பெட்ரோல் மெதுவா ஆவியாகி பிசின் மாதிரி படிஞ்சு, பைலட் ஜெட்னு சொல்ற பொடி ஓட்டைய அடைச்சிடும். கிண்ணத்துக்கு அடியில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், லூஸ் பண்ணி பழசு எல்லாத்தையும் ஒரு டப்பால இறக்கிட்டு (வெளில, காத்தோட்டமா, பக்கத்துல சிகரெட் கூடாது), டேங்க்ல புது ரோன் 95 பெட்ரோல் ஊத்தி, சோக் (குளிர்ந்த இஞ்சின கிளப்ப இழுக்கற லிவர்) இழுத்து கிக் அடிச்சா கிளம்ப வாய்ப்பு நெறைய. சோக்ல ஓடுது, சோக் தள்ளுனதும் அணையுதுன்னா ஜெட் அடைச்சிருக்கு, கழட்டி கிளீனர் அடிக்கணும். அவ்ளோதான். பேட்டரி நாலு மாசத்துல செத்திருக்கலாம், அத ஒத்துக்கறேன். கார்புரேட்டரையே மாத்துனதுக்கும் காயில் மாத்துனதுக்கும் அவங்க காரணம் சொல்லி ஆகணும்.

இங்க நான் கொஞ்சம் நீளமாவே பேசணும், பல வருஷமா என் மனச அறுக்குற விஷயம் இந்த "பழைய பொருள தூக்கி போட்டாச்சு." அது யாரோட பொருள்? உங்க அப்பாவோடது. அவரு காசு போட்டு வாங்குன வண்டில இருந்து கழட்டுனது. அத காட்டலன்னா மாத்துனாங்களா, மாத்தாம பில்லு மட்டும் போட்டாங்களா, யாருக்கு தெரியும்? நேர்மையான மெக்கானிக் கேக்காமலே பழச ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு குடுப்பாரு, இங்க எனக்கு தெரிஞ்ச ஒரு சீனர் பெங்கெல்ல அப்படித்தான், தேஞ்ச இடத்த விரல் வச்சு காட்டி விளக்குவாரு, அதனாலேயே அவர்கிட்ட கூட்டம். வண்டிய விடும்போதே சொல்லிடுங்க: எதையும் மாத்தறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, விலைய வாட்ஸ்அப்ல போடுங்க, பழைய பொருள் எனக்கு வேணும். வயசானவங்க போனா பிள்ளைங்க யாராவது இந்த மூணையும் மெசேஜா அனுப்பி விடுங்க. எழுத்துல இருந்தா பில்லு போடுறப்ப கை நிதானமா போகும்.

காசு கட்டாம வண்டி தர மாட்டேன்னு சொன்னதுக்கு சட்டத்துல இடம் இருக்கு, வேல செஞ்சவங்க கூலி வர்ற வரைக்கும் பொருள பிடிச்சு வைக்கலாம். அதனால கட்டிட்டு எடுத்தது சரியான காரியம்தான். இனிமே வழக்கு உங்க பக்கம். 1999ஆம் வருஷ பயனீட்டாளர் பாதுகாப்பு சட்டம் சேவைக்கும் பொருந்தும். வேல திறமையோட நியாயமான கவனத்தோட நடந்திருக்கணும், முன்கூட்டியே விலை பேசலன்னா நியாயமான விலைக்கு மேல வாங்க முடியாது. டிரிபியூனல்ல புகார் பாரம் நிரப்ப 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் தேவையில்ல, பொதுவா ரெண்டு பக்கமும் வக்கீல் இல்லாமத்தான் பேசணும். ஆன்லைன்லயும் போடலாம். பில்லு, வண்டி போட்டோ, அப்புறம் வேற ஒரு பெங்கெல்ல காட்டி எந்தெந்த பொருள் நெஜமாவே புதுசுன்னு ஒரு குறிப்பு எழுதி வாங்குங்க. எப்படி எழுதறதுன்னு தடுமாறுனா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல போய் கேளுங்க. அப்பாவையும் கூட்டிட்டு போங்க, அவரே பேசட்டும்.

கேள்வி (ஜெலுத்தோங்): திடீர் வெள்ளத்துல மோட்டார் சீட் வரைக்கும் முழுகிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணி பாக்கலாமா?

பதில்: பண்ணாதீங்க, பட்டனும் வேணாம், கிக்கும் வேணாம். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ராட் (பிஸ்டன தாங்கற தண்டு) வளைஞ்சிடும், அதுக்கப்புறம் செலவு வேற லெவல். பேட்டரிய கழட்டுங்க, பிளக்க கழட்டிட்டு மெதுவா கிக் மிதிச்சு தண்ணிய வெளிய தள்ளுங்க, ஏர் ஃபில்டர் பாருங்க, இஞ்சின் ஆயில இறக்குங்க. பால் கலந்த டீ மாதிரி வந்தா தண்ணி கலந்திருக்கு, புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட்டிட்டு மறுபடியும் மாத்தணும். கார்புரேட்டர், டேங்க் ரெண்டையும் வடிக்கணும். 2017 நவம்பர் வெள்ளத்துல அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணி இஞ்சின தொலைச்சவங்க எங்க பக்கம் உண்டு. இன்சூரன்ஸ்ல வெள்ளத்துக்கு தனியா எடுத்திருக்கீங்களான்னும் பாருங்க, எடுத்திருந்தா எதையும் கழட்டாம மொதல்ல போட்டோ.

கேள்வி (நிபோங் திபால்): எஃப்ஐ வண்டி (கார்புரேட்டர் இல்லாம இஞ்செக்டர் பெட்ரோல் பீச்சுறது), பேட்டரி வீக். தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்ல, எதுக்கு புது பேட்டரி?

பதில்: எஃப்ஐல பெட்ரோல் பம்ப்புக்கும் இஞ்செக்டருக்கும் கரண்ட் வேணும். வீக்கா இருக்குற வரைக்கும் கிளம்பலாம், முழுசா செத்தா பட்டர்வொர்த் வரைக்கும் தள்ளுனாலும் கிளம்பாது. சாவி போட்டதும் சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்ட் "ஊய்ங்"னு பம்ப் சத்தம் வரணும், வரலன்னா தள்ளி பிரயோஜனம் இல்ல. வாங்குங்க.

கேள்வி (சுங்கை டுவா): ஆன்லைன்ல பிளக் அஞ்சு சேர்ந்து கடை விலைல பாதிக்கு விக்கிறாங்க. பேரு பெரிய கம்பெனி பேருதான். வாங்கி வச்சுக்கலாமா?

பதில்: வேணாம். பிளக்ல போலி சாதாரணமா கிடைக்குது, எழுத்து விரல்ல தேச்சாலே அழியும், நடு கம்பி நேரா இருக்காது. மழை நாள்ல சூடான இஞ்சின் அணைஞ்சு திரும்ப கிளம்பாம கெடுத்துடும். உங்க வண்டி மேனுவல்ல இருக்குற நம்பர எழுதிட்டு போய் ரசீது குடுக்குற பார்ட்ஸ் கடைல ஒண்ணு வாங்குங்க, ஒரு சிலிண்டர் வண்டிக்கு ஒண்ணு போதும்.