பிரிட்டனின் பாப் பாடல் தரவரிசை எப்படி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம்?

நம்பலாம். ஆனால் அந்தந்தக் காலத்தில் யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று தெரிந்துகொண்டு நம்பவேண்டும்.

நான் 1985-இல் பதின்மூன்று வயதில் லண்டனுக்கு வந்தேன். ஞாயிறு சாயங்காலம் பிபிசி வானொலியின் ரேடியோ 1-இல் நாற்பதாம் இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசையாகப் பாட்டுப் போடுவார்கள். சித்தப்பா வீட்டுக் குசினி மேசையில் டேப் ரெக்கார்டரை வைத்து, ரெக்கார்ட் பட்டனையும் பிளே பட்டனையும் அழுத்திவிட்டு, பாஸ் பட்டன்மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருப்பேன். அறிவிப்பாளர் பேச்சை முடிக்கிற நொடியில் அதை விடவேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் முதல் வரி போய்விடும். அந்த வருசம் பாடகி கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' மூன்றாம் இடம் வரை வந்தது. அது முதலிடம் பிடிக்கவில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன். 1952 வரை அங்கே பாட்டின் மவுசை அச்சிட்ட இசைத்தாள் விற்பனையை வைத்துத்தான் பார்த்தார்கள். அந்த வருசம் நவம்பர் 14-ஆம் தேதி 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை முதல் இசைத்தட்டுப் பட்டியலைப் போட்டது. அந்தப் பத்திரிகையின் விளம்பரப் பகுதியைப் பார்த்துக்கொண்ட பெர்சி டிக்கின்ஸ் ஏறத்தாழ இருபது கடைகளுக்கு போன் போட்டு, எது நன்றாகப் போகிறது என்று கேட்டார், அவ்வளவுதான். இடங்கள் 12, ஆனால் சில இடங்களைப் பாட்டுகள் பங்கிட்டுக்கொண்டதால் பட்டியலில் 15 இசைத்தட்டுகள். முதலிடம் ஆல் மார்ட்டினோவின் 'ஹியர் இன் மை ஹார்ட்', ஒன்பது வாரம் அசையவில்லை.

அப்புறம் பத்திரிகைக்கொரு பட்டியல். 1963-இல் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பெரிய பத்திரிகைகளில் முதலிடம், இசைத்தட்டு வியாபாரிகளுக்கான 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பத்திரிகையின் பட்டியலில் மட்டும் இரண்டாவது. பிற்காலத்தில் அந்தப் பட்டியலையே அதிகாரபூர்வமானதாக எடுத்துக்கொண்டதால், அவர்களுடைய முதலிடப் பாட்டுகளைத் தொகுத்த '1' ஆல்பத்தில் அந்தப் பாட்டு இல்லை. இது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1969-இல் பிபிசியும் 'ரெக்கார்ட் ரீடெய்லரும்' சேர்ந்து ஒரே பட்டியல் கொண்டுவந்தன. சுமார் 250 கடைக்காரர்கள் விற்றதை டைரியில் குறித்துத் தபாலில் அனுப்பவேண்டும். எந்தெந்தக் கடைகள் என்று மோப்பம் பிடித்த இசைத்தட்டு நிறுவனங்கள் சில, அந்தக் கடைகளுக்கு மட்டும் ஆளனுப்பித் தங்கள் தட்டைத் தாங்களே வாங்கின, கடைக்காரருக்கு இலவசத் தட்டுகளும் கொடுத்தன. நான் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்த காலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் பொறுப்பேற்று, டைரி போய் மின்னணுக் கருவி வந்திருந்தது (அது 1983-இல்). ஏமாற்று அதனால் ஒழிந்துவிடவில்லை, ஆனாலும் அதற்கு முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல்.

2005-இல் டவுன்லோடையும் சேர்த்தார்கள், அடுத்த வருசமே நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேசி' டவுன்லோடை மட்டுமே வைத்து முதலிடத்துக்குப் போனது. உண்மையான திருப்பம் 2014 ஜூலையில் ஸ்ட்ரீமிங் வந்தபோது. நூறு முறை கேட்டால் ஒரு விற்பனை என்று அப்போது கணக்கு. அதுவரை எண்ணியது வாங்கியவர்களை, ஒருவர் ஒரு தட்டை ஒருமுறைதான் வாங்குவார். இப்போது அவர் தினமும் கேட்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. அதன் விளைவு 2017 மார்ச்சில் தெரிந்தது: எட் ஷீரனின் ஒரே ஆல்பத்திலிருந்து 16 பாட்டும் முதல் இருபதுக்குள். புதுப் பாடகர் எங்கே நுழைவது? அந்த வருசமே, ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுதான் என்று வரம்பு வைத்தார்கள். பழைய பாட்டுகள் நகராமல் உட்கார்ந்துகொள்ளாதபடி, அவற்றின் ஸ்ட்ரீமுக்கு மதிப்பையும் குறைத்தார்கள்.

அந்த விதி கேட் புஷ்ஷையும் பிடித்தது. 2022-இல் ஒரு தொடரில் வந்ததால் என் கேசட் பாட்டை உலகமே கேட்கத் தொடங்கியபோது, பழைய பாட்டு என்று அதன் ஸ்ட்ரீம்களுக்குப் பாதி மதிப்புதான் கிடைத்தது. பிறகு விதிவிலக்கு கொடுத்து முழுதாக எண்ணினார்கள், ஜூனில் முதலிடத்துக்கு வந்துவிட்டது, வெளியாகி 37 வருசம் கழித்து. அன்றைக்கு அலமாரியில் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தேன். முதல் வரி கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது.