பட்டி மாடும் காட்டு மாடும்

வாசகர் கேள்விகளும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரின் பதில்களும்

அஞ்செட்டி மலைப்பாதையில் காட்டு மாடுகள் (பலர் காட்டெருமை என்று சொல்வது) நிற்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வளர்ப்பு மாடும் காட்டு விலங்கும் ஒரே இடத்தில் மேயும்போது அரசு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் கேள்வி. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

டாக்டரம்மா, என் மகன் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். யெல்லோஸ்டோன் பூங்காவை விட்டு வெளியே வரும் காட்டெருமைகளை அங்கே மாநிலக் கால்நடைத் துறையே விரட்டுகிறது, பிடித்து அறுப்புக்கும் அனுப்பியிருக்கிறது என்கிறான். காட்டு விலங்கை வனத்துறைதானே பார்க்க வேண்டும்?
*கே.ஆர்., தேன்கனிக்கோட்டை*

உங்கள் மகன் சொன்னது உண்மைதான். நீங்கள் கேட்ட இதே கேள்வியை அந்த மாநிலத்திலும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விலங்கு பைசன். வட அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்தது. தோலுக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் சுட்டுத் தள்ளியதில், 1902 வாக்கில் யெல்லோஸ்டோனுக்குள் இரண்டு டஜன் அளவுக்குத்தான் மிஞ்சியது. அந்தச் சொற்ப மிச்சத்தைப் பாதுகாத்துப் பெருக்கியதால்தான் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பனிக்காலத்தில் மேட்டு நிலத்தில் பனி ஆழமாக விழுந்து புல் மூடிப்போகும். அப்போது கூட்டம் தாழ்வான மொன்டானா பக்கம் இறங்குகிறது. இறங்கினதும் பிரச்சினை தொடங்குகிறது.

காரணம் கன்று வீச்சு நோய், சினை மாடு குறைமாதத்திலேயே கன்றை வீசிவிடுகிற நோய், மருந்தகப் பதிவேட்டில் புருசெல்லோசிஸ் என்று எழுதுவோமே அது. 1917 வாக்கில் யெல்லோஸ்டோன் பைசனிடம் இந்த நோய் தெரிய வந்தது. குடியேறிகள் ஓட்டிவந்த வளர்ப்பு மாட்டிடமிருந்துதான் அதற்குத் தொற்றியது. மாட்டுக்காரர்களின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். அன்றைய மத்திய அரசு விதிப்படி ஒரு மாநிலத்தில் இரண்டு மந்தைகளில் நோய் கண்டுவிட்டால், மாநிலம் முழுவதுமே 'நோயற்ற மாநிலம்' என்ற தகுதியை இழந்துவிடும். ஒரு மூலையில் நோய் வந்தாலும், எங்கோ தூரத்தில் மாடு வைத்திருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்க ரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டும். இந்த நெருக்கடியில்தான் 1995-ல் மொன்டானா சட்டமன்றம், பூங்காவிலிருந்து வெளியே வரும் பைசனைக் கையாளும் அதிகாரத்தைக் கால்நடைத் துறைக்குக் கொடுத்தது. 1996–97 குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. 2000-ல் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் போட்டன. அதற்குப் பிறகும் 2007–08-ல் 1,600-க்கும் மேல் போயின.

ஆனால் எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கும் அங்கே இதே நோய் இருக்கிறது. எல்க்கைப் பார்த்துக்கொள்வது மாநில வனவிலங்குத் துறை. அது பூங்காவுக்கு உள்ளேயும் வெளியேயும் இஷ்டம்போல் போய்வரும், யாரும் ஹெலிகாப்டரில் துரத்துவதில்லை. அந்தப் பகுதியில் வளர்ப்பு மாட்டுக்கு நோய் வந்தபோது தடம் பிடித்துப் பார்த்தால் எல்க்கிடம்தான் போய் நின்றது. காட்டில் திரியும் பைசனிடமிருந்து மாட்டுக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு இல்லை. நோய் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். பொறுப்பு எந்த மேசையில் இருக்கிறதோ அதை வைத்து விலங்கின் கதி மாறிவிடுகிறது.

பணிக்காலம் முழுக்கக் கால்நடைத் துறையில் இருந்தவள் நான். மாட்டைக் காப்பாற்றுவதுதான் எங்கள் கடமை. அந்தக் கண்ணால் பார்த்தால் காட்டு விலங்கு நோய் கொண்டுவரும் ஒன்றாக மட்டுமே தெரியும். அங்குள்ள அதிகாரிகளை நான் குறை சொல்லவில்லை. காட்டு விலங்கை அந்தத் துறையிடம் ஒப்படைத்த சட்டத்தைத்தான் தவறென்று சொல்கிறேன்.

மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2010-ல் மத்திய விதி மாறியது. இப்போது நோய் கண்ட மந்தையையும் அதைச் சுற்றியுள்ள கண்காணிப்புப் பகுதியையும் கவனித்தால் போதும், மாநிலம் முழுக்கத் தண்டனை இல்லை. என் பார்வையில் இதுதான் பெரிய திருப்பம், ஏனென்றால் பயத்தின் வேரே அங்கேதான் இருந்தது. 2015 டிசம்பரில் அன்றைய ஆளுநர் ஸ்டீவ் புல்லக், பூங்காவின் மேற்கே வளர்ப்பு மாடே இல்லாத ஹார்ஸ் பியூட் பகுதியில் பைசன் வருடம் முழுக்க இருக்கலாம் என்று முடிவெடுத்தார். 2024-ல் தேசியப் பூங்கா நிர்வாகம் 3,500 முதல் 6,000 வரை வைத்துக்கொள்ளும் புதிய திட்டத்தை அறிவிக்க, அதை எதிர்த்து மொன்டானா அந்த வருடக் கடைசியிலேயே வழக்குப் போட்டது. ஆக, சண்டை ஓயவில்லை.

கன்று வீச்சு நோய் நம் ஊர் மாட்டுக்கும் வருமா? என் மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது.
*ஒரு வாசகி, காரிமங்கலம்*

வரும் அம்மா. ஆனால் கன்று வீசுகிற ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த நோய்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். மருந்தகத்தில் சொல்லுங்கள், போக முடியாவிட்டால் 1962-க்கு அழையுங்கள்.

இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. சுண்ணாம்பு தூவி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். பச்சைப் பால் வேண்டவே வேண்டாம், நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். வீட்டில் யாருக்காவது விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டு வலி என்று இருந்தால் டாக்டரிடம் மாடு கன்று வீசியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் என்ன காய்ச்சலென்றே தெரியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு, ஆயுளில் ஒரே முறை. அந்த வயதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

காட்டோரம் இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. வீசிய கன்றைத் தூக்கி ஓடைக்கரையில் எறிந்துவிட்டு வருகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காட்டு மாடோ கடமானோ வந்து முகர்ந்தால், நக்கினால், அங்கிருந்தே நோய் காட்டுக்குள் போய்விடும்.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து காட்டுக்குள் பட்டி போட்டு மாடு மேய்க்கிறோம். இப்போது சரணாலயம், உள்ளே வராதே என்கிறார்கள். எங்கள் மாட்டால் காட்டு மாட்டுக்கு அப்படி என்ன கேடு?
*மு.சி., அஞ்செட்டி வட்டம்*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2014-ல் காவிரி வடக்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டரில் வந்தது, 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் 686 சதுர கிலோமீட்டரில் வந்தது. அதே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, சில நாளிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மட்டும் என்று சுருக்கியது. இன்னொரு பக்கம், 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நீங்கள்.

கேடு என்ன என்று கேட்டீர்கள். 1968-ல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவி காட்டு மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அது மாட்டு நோய். மேய்ச்சலில், தண்ணீர்த் துறையில் என்று வளர்ப்பு மாட்டிடமிருந்து காட்டுக்குள் போகக்கூடியது. அந்த வெக்கை நோயையே தடுப்பூசியால் ஒழித்தோம். 2006-ல் இந்தியாவில் அது இல்லை என்று அறிவித்தார்கள், 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அதற்காக ஊர் ஊராக, பட்டி பட்டியாக நடந்து ஊசி போட்டவர்களுக்குக் காட்டு மாடும் கடன்பட்டிருக்கிறது. கோமாரியும் அடைப்பானும் இன்னும் போகவில்லை. கோடையில் சின்னாற்றில் ஆங்காங்கே தேங்கி நிற்கும் மடுவில்தான் பட்டி மாடும் காட்டு மாடும் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. கோமாரிக்கு அந்த ஒரு மடு போதும்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 33ஏ என்று ஒரு பிரிவு, 1991-ல் சேர்த்தது. சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைக்குத் தொற்று நோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமை என்கிறது. ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்தில் மேய்க்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டாவது பாதியைப் பற்றி உங்களிடம் சொல்ல ஆள் வருகிறது. முதல் பாதியை யார் கேட்பது?

நடைமுறைச் சிரமமும் தெரியும். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டிக்கு நடந்து போனால், மாடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். விடியுமுன் போனால்தான் பட்டிக்குள் பிடிக்க முடியும். அதற்கு முந்தின நாள் ராத்திரி அங்கேயே தங்க வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி ஒரு துறையிடம், மருந்து இன்னொரு துறையிடம். இரண்டும் சேர்ந்து ஒரு தேதி குறிப்பதற்குள் மழை வந்துவிடும். என் பணிக்காலத்தில் என்னை அதிகம் வேதனைப்படுத்தியது இதுதான்.

பட்டிக்காரரை விரட்டினால் காட்டு மாடு பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஊசி போட்ட மாடு, எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, கோடையில் காட்டு விலங்குக்கென்று ஒதுக்கிய தண்ணீர்த் துறை. இந்த மூன்றும் இருந்தால் இரண்டும் வாழும். நீங்களும் மாட்டு எண்ணிக்கையை ஒளிக்காமல் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர் மாட்டை உங்கள் பட்டியில் சேர்த்து ஓட்டுவதையும் நிறுத்த வேண்டும், புதுநோய் அந்த வழியாகவும் வரும்.

நம் காட்டில் இருப்பது எருமையே இல்லை என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். அப்படியானால் நிஜக் காட்டெருமை எங்கே இருக்கிறது?
*பிளஸ் டூ மாணவர், அரூர்*

ஆசிரியர் சொன்னது சரி தம்பி. ஏற்காடு பக்கமும் அஞ்செட்டி பக்கமும் நீ பார்ப்பது காட்டு மாடு, பசு இனத்துக்குச் சொந்தம். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். நிஜக் காட்டெருமை பெரும்பாலும் அசாமில், காசிரங்காவிலும் மானஸிலும் இருக்கிறது. மத்திய இந்தியாவில், சத்தீஸ்கர் பக்கம் மிகச் சொற்பம். அந்த மாநிலத்தின் விலங்கே அதுதான், ஆனாலும் உதந்தி காட்டில் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பெண் எருமைதான் மிஞ்சியது. அதன் திசுவிலிருந்து 2014-ல் கர்னால் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நகல் கன்றைப் பிறக்க வைத்தார்கள். அறிவியலாகப் பார்த்தால் பெரிய சாதனைதான். ஆனால் ஒரு கன்றால் கூட்டம் உருவாகாது. 2020-லும் 2023-லும் மானஸிலிருந்து சில எருமைகளைச் சத்தீஸ்கரின் பார்நவாபாராவுக்குக் கொண்டுவந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

காட்டெருமைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காட்டோரம் மேயும் வீட்டெருமையோடு சேர்ந்து கலப்புக் கன்று பிறக்கும். தலைமுறைகள் போகப் போகக் காட்டு இனமே கரைந்துபோகும். அங்கேயும் வீட்டெருமையை எங்கே மேய்ப்பது, எப்படி ஊசி போடுவது என்று திட்டமிடாமல் காட்டெருமையைக் காக்க முடியாது.

காட்டு மாடு ராகிக் கொல்லைக்குள் இறங்கிவிடுகிறது. கம்பி வேலியில் கரண்ட் விடலாமா?
*ஒரு விவசாயி, மாரண்டஹள்ளி*

கூடவே கூடாது. 2023 மார்ச்சில் உங்கள் ஊர் அருகிலேயே மூன்று யானைகள் அப்படிச் செத்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. நேரடி மின்சாரம் விலங்கோடு நிற்காது, விடியற்காலை தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வீட்டு ஆளையும் கொல்லும். விட்டு விட்டு அதிர்ச்சி தருகிற, பேட்டரியில் ஓடும் சோலார் வேலி வேறு. அதற்கும் 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதலில் அதற்குச் சுவர் கட்டுங்கள். காட்டு மாடு ராத்திரியில் அதில்தான் விழுகிறது.

கிராம சபையில் இதையெல்லாம் தீர்மானமாகப் போடலாமா? எப்படி எழுதுவது?
*ஊராட்சி வார்டு உறுப்பினர், உரிகம்*

தாராளமாகப் போடலாம். 'காட்டு மாட்டைப் பாதுகாக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போய்த் தூங்கும். யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பிரிவு 33ஏ-யைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, உங்கள் ஊராட்சியில் சரணாலய எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களையும் பட்டிகளையும் மாட்டு எண்ணிக்கையோடு பட்டியலிடுங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு வனத்துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து தேதி குறித்து, பதினைந்து நாள் முன்னதாகவே ஊரில் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். காட்டில் ஒரு காட்டு மாடு செத்துக் கிடந்தால் வனத்துறை அதே நாளில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும், ஊரில் கோமாரி வந்தால் மருந்தகம் வனச்சரகருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள். நோய் வந்த விலங்கை என்ன செய்வது என்ற முடிவு, சட்டம் சொல்கிறபடி தலைமை வன உயிரினக் காப்பாளரிடமே இருக்கட்டும். எங்கள் துறை ஆலோசனை சொல்லட்டும், ஆணையிட வேண்டாம்.

தீர்மான நகலை மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், கால்நடைத் துறை மண்டல இணை இயக்குநர் மூவருக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். பட்டிக்காரர்கள் இரண்டு பேரையாவது கையெழுத்துப் போட வையுங்கள்.