டெபியன் கருவிகளைப் பழுது பார்ப்பது: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் டெபியன் லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் "அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்று சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இயங்குதளத்தின் ஒவ்வொரு சிறு கருவிக்கும் மூலநிரல் திறந்து கிடக்கிறது. காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கேள்வி (போட்டோஸ்டாட் கடைக்காரர்): வட்டு நிறைந்துவிட்டது என்று 'டிஎஃப்' கட்டளை சொல்கிறது. கோப்புகளின் அளவைக் காட்டும் 'டியூ' போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. எதை நம்புவது, அண்ணா?

பதில்: இரண்டுமே உண்மைதான். 'டியூ' கோப்புகளின் பெயர்களைத் தேடிப் போய்க் கூட்டுகிறது. 'டிஎஃப்' கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை நீங்கள் அழித்திருப்பீர்கள். ஆனால் அதில் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் போய்விட்டாலும், அந்த நிரல் கோப்பை விடும்வரை இடம் திரும்பி வராது. 'எல்எஸ்ஓஎஃப்' கருவி அப்படிப்பட்ட கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டும். அந்தச் சேவையை மட்டும் மறுபடி தொடங்குங்கள், போதும். அடுத்த முறை ஓடும் பதிவுக் கோப்பை அழிக்காதீர்கள். 'டிரங்கேட்' கருவியால் காலியாக்குங்கள். இன்னொன்றும் உண்டு: ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். 500 ஜிபி வட்டில் அதுவே 25 ஜிபி.

கேள்வி (தோட்ட அலுவலகக் கிராணி): புதுப்பிப்பு நடக்கும்போது இடி விழுந்து மின்சாரம் போய்விட்டது. இப்போது எதையும் நிறுவ முடியவில்லை.

பதில்: பயப்படாதீர்கள். மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் 'டிபிகேஜி' கருவி, ஒவ்வொரு தொகுப்பும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டே வேலை செய்கிறது. பாதியில் நின்றவற்றின் அமைவை முடிக்கும்படி அதனிடம் சொல்லுங்கள். பிறகு 'ஆப்ட்' கருவியிடம் உடைந்த சார்புகளை, அதாவது ஒரு தொகுப்புக்குத் தேவையான மற்றத் தொகுப்புகளை, சரிசெய்யச் சொல்லுங்கள். அது குறித்துவைக்கும் நிலைக் கோப்பே கெட்டிருந்தால் முந்தைய நகல் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு நிறுவல் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள். வேறு நிறுவல் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதி, சிறிய பழுது பெரிய பழுதாகிவிடும். கடைசியில் 'டெப்சம்ஸ்' ஓட்டி, கோப்புகள் சேதமாகியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

கேள்வி (ஜாதகம் கணிக்கும் பெரியவர்): என் மகன் எழுதிக்கொடுத்த நிரல் இளையவர்களின் ஜாதகத்தைச் சரியாகக் கணிக்கிறது. 1979-இல் பிறந்தவர்களுக்கு என் கைக்கணக்கோடு ஒத்துவரவில்லை. நிரலில் பிழையா, கணினியில் பிழையா?

பதில்: ஐயா, உங்கள் கைக்கணக்குதான் சரி. தீபகற்ப மலேசியாவின் நேரம் எப்போதும் இன்றுபோல் இருந்ததில்லை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, அதுவே 1982 புத்தாண்டின் நள்ளிரவாயிற்று. அதற்கு முன் நாம் உலகப் பொது நேரத்திற்கு 7 மணி 30 நிமிடம் முன்னே இருந்தோம். இப்போது 8 மணி நேரம். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் தோக்கியோ நேரப்படி 9 மணி நேரம் முன்னே இருந்தோம்.

உங்கள் மகன் எல்லாப் பிறந்த நேரத்திலிருந்தும் 8 மணியைக் கழித்திருப்பார். ஒரு லக்கினம் சுமார் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். அதில் அரை மணி தவறினால், எல்லையில் பிறந்தவருக்கு லக்கினமே மாறிவிடும். இதன் கனத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

எண்ணை நிரலில் எழுதிவைக்கக் கூடாது. 'ஆசியா/கோலாலம்பூர்' என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால், 'டிஇசட்டேட்டா' தொகுப்பே அந்தந்தத் தேதிக்குரிய வித்தியாசத்தைத் தரும். 'டேட்' கட்டளையில் 1979 தேதி ஒன்றைக் கொடுத்து வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள்; 0730 என்று வரும். உலக நாடுகள் கடிகாரத்தை மாற்றிய வரலாற்றைத் தன்னார்வலர்கள் சேர்த்துவைத்த தொகுப்பு அது. அதன் கோப்புகளைத் திறந்து படித்துப் பாருங்கள். பழைய அரசாணைகளைத் தேடிப் பிடித்து, எது எங்கிருந்து கிடைத்தது என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். மென்பொருள் உலகில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள வேலைகளில் அதுவும் ஒன்று.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): மாணவர் பெயர்ப் பட்டியலில் முதல் பத்து எழுத்தை 'கட்' கட்டளையால் வெட்டினால், கடைசியில் கேள்விக்குறி போட்ட கட்டம் வருகிறது.

பதில்: டீச்சர், க்னூ 'கட்' கருவி நெடுங்காலமாக எழுத்தை எண்ணாமல் பைட்டையே எண்ணி வந்திருக்கிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு. பத்து பைட்டில் வெட்டினால் மூன்று குறியீடும், நான்காவதன் ஒரு துண்டும் வரும். அந்தத் துண்டுதான் உங்கள் கட்டம்.

'முத்து' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. கணினிக்கு ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி என ஆறு குறியீடு. மொத்தம் 18 பைட்டு. அதனால் குறியீட்டை எண்ணும் கருவிக்கு மாறினாலும் புள்ளி தனியே கழன்றுவிடலாம். பெர்ல் மொழியின் தேடல் வடிவங்களில் முழு எழுத்தைப் பிடிக்கும் குறி ஒன்று உண்டு: பின்சாய்கோட்டுக்குப் பின் பெரிய எக்ஸ். அதைப் பயன்படுத்துங்கள். 'முத்து' மூன்றாகவே வரும்.

கேள்வி: இரவுக் காப்புநகல் எடுக்க, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் 'கிரான்' வைத்தேன். ஒரு நாள்கூட ஓடவில்லை.

பதில்: கடையை மூடும்போது கணினியையும் நிறுத்திவிடுகிறீர்கள் அல்லவா? 'அனக்ரான்' நிறுவி, அந்த வேலையை அதன் தினசரி வேலைகளில் சேருங்கள். தவறிய வேலையைக் கணினி மறுபடி எழுந்த பிறகு அது செய்துவிடும்.

கேள்வி: பழைய 32 பிட் கணினியில் டெபியன் 13 போடலாமா?

பதில்: முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில் 32 பிட் பிசிக்கு நிறுவியும் இல்லை, கருநிரலும் (கெர்னல்) இல்லை. ஆனால் முதலில் செயலியின் விவரம் காட்டும் 'எல்எஸ்சிபியு' ஓட்டிப் பாருங்கள். 64 பிட் செயலி இருந்தும் யாரோ 32 பிட் போட்டுவைத்திருக்கலாம். அப்படியானால் புதிதாக நிறுவத்தான் வேண்டும். இங்கே அது நியாயம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, இந்தக் கருவிகளை யார் பராமரிக்கிறார்கள்? என்னாலும் முடியுமா?

பதில்: முடியும் தம்பி, ஆள் தேவையும் படுகிறது. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியை ஒருவர் பல ஆண்டுகள் கிட்டத்தட்டத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் களைத்திருந்த வேளையில், உதவுவதுபோல் வந்த ஒருவர் நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் நுழைவது அரை நொடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் அது வெளியே வந்தது. அரை நொடிதானே என்று அவர் விட்டிருந்தால் அது நிலையான பதிப்புகளுக்குள்ளும் நுழைந்திருக்கும்.

நீ 'டெவ்ஸ்கிரிப்ட்ஸ்' தொகுப்பை நிறுவி 'டபிள்யூஎன்பிபி-அலர்ட்' ஓட்டு. உன் கணினியில் இருப்பவற்றுள் பராமரிப்பாளர் இல்லாத தொகுப்புகளையும் உதவி கேட்பவற்றையும் அது காட்டும். நீ தினமும் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடு. அதன் பிழைப் பட்டியலில் பழைய புகார் ஒன்றை எடுத்து, இன்றும் அந்தப் பிழை வருகிறதா என்று செய்து பார். வந்தால் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, என்ன விடை என்று எழுது. வராவிட்டால் அதையும் எழுது. பிறகு 'ஆப்ட்' வழியாக மூலநிரலை இறக்கித் திருத்திப் பார்க்கலாம். திருத்தம் சரியாக வந்தால் உன் கணினியோடு வைத்துக்கொள்ளாமல், 'ரிப்போர்ட்பக்' கருவியால் புகாரோடு சேர்த்து அனுப்பு. டீச்சர் கேட்ட பெயர்ப் பட்டியல் வேலையிலேயே தமிழ் எழுத்தைச் சிதைக்கும் கருவிகள் உனக்குப் பல அகப்படும்.